மகராக வந்த மிஷின்

கொடைக்கானல் பஜாரில் ஜலீல் பட்டறை எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள். அந்தப் பட்டறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு நின்ற டிரில்லிங் மிஷின் யாருடையது என்று கேட்டால், இதென்ன கேள்வி, ஜலீலுடையதுதான் என்பார்கள். அங்கேதான் ஊர் கோட்டை விட்டது. மிஷின் ஜலீலுடையது இல்லை. அவன் பெண்டாட்டி பதுருன்னிசாவுடையது.

நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை பெண்ணுக்கென்று கொடுக்க வேண்டிய மகராக என்ன கொடுக்கிறாய் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டபோது, மாப்பிள்ளை கையில் குந்துமணித் தங்கம் இல்லை. அப்போதுதான் ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டிருந்தார்கள். இருந்ததையெல்லாம் கொட்டி அந்த மிஷினை எடுத்து வைத்திருந்தான். "டிரில்லிங் மிஷின்னு எழுதிக்கிடுங்க" என்றான் ஜலீல். பந்தலே சிரித்தது. கழுத்தில் மாட்டுவாயா, இடுப்பில் கட்டுவாயா என்று தோழிகள் பெண்ணைப் பிய்த்தெடுத்தார்கள். அவள் அழுவாள் என்று பார்த்தார்கள். அவளோ அன்றைக்குப் புருஷனிடம் கேட்ட முதல் கேள்வி, "அது ஓடுமா?" என்பதுதான்.

ஓடத்தான் செய்தது. அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஜலீல் நெஞ்சுவலியில் போய்ச் சேரும்வரைக்கும் அது ஒரு நாளும் படுத்ததில்லை. அவன் போனதற்குப் பிறகு, பதுருன்னிசா வெள்ளைச் சேலை கட்டி இத்தா இருக்கும்போதுதான் படுத்தது. புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அன்னிய ஆண் கண்ணில் படக் கூடாது. வீடும் பட்டறையும் ஒரே கட்டடம். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு, அதற்கு ஒரு திரை. ஜலீலிடம் வெகுகாலம் வேலை பார்த்த மயில்சாமி பட்டறையை ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கருகின வாடை வந்தது. சோறு தீய்ந்த வாடை வேறு, மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் தீய்ந்த வாடை வேறு. பதுருன்னிசாவுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அக்கா, மோட்டார் எரிஞ்சு போச்சுக்கா" என்று மயில்சாமி திரைக்கு வெளியே நின்று அழாக்குறையாகச் சொன்னபோது அவள், "தெரியுது. மெயினை எறக்கிட்டு மோட்டாரக் கழட்டு" என்றாள்.

சேதி பழனிக்குப் போன வேகம் பஸ்ஸுக்குக்கூட வராது. மறுநாளே சாகுல் ஹமீது வந்து நின்றார். ஜலீலின் அண்ணன், பழனி அடிவாரத்தில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். அவர் மனைவி சுலைகா ஏற்கெனவே இங்கேதான் இருந்தாள், இத்தாவில் இருப்பவளுக்குத் துணையாக. துணைக்கா காவலுக்கா என்பது சுலைகாவுக்கே தெரியாது. சாகுல் ஹமீது திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார். இத்தா விஷயத்தில் அவர் கறார். அவள் மயில்சாமியிடம் குரலைக்கூடத் தணித்துப் பேச வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மோட்டார் போச்சு. இனி இதக் கட்டிக்கிட்டு அழுவானேன்? ஞாயித்துக்கெழம சந்தைக்கு லாரி வருது. மிஷினை ஏத்திப் பழனிக்குக் கொண்டு போயிருதேன். நீயும் இத்தா முடிஞ்ச கையோட எங்க வீட்டுக்கு வந்திரும்மா. ஒனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த மாட்டேனா."

மனுஷர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அடுப்படியில் ஒரு மூலை, ஒரு பாய், யாராவது வந்தால் 'எங்க ஜலீல் விட்டுட்டுப் போனது' என்று காட்டுகிற கை. பதுருன்னிசாவுக்கு அந்த வீடு அப்படியே கண்ணில் வந்து நின்றது.

"மோட்டார்தானே மச்சான் போச்சு. மிஷின் போகலையே" என்றாள்.

"மோட்டார் இல்லாம மிஷின் எதுக்கு? சுத்திக் குடுக்கற கையே போயிருச்சேம்மா. அந்தக் கை இனி எங்க கெடைக்கும்?"

பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். அந்தக் கை அப்போது திரைக்கு இந்தப் பக்கம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

இது கொடைக்கானலில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாத சங்கதி. ஜலீலுக்குத் தடித்த விரல்கள். சம்மட்டி பிடிக்க நல்ல கை. தலைமுடி மாதிரியான செப்புக் கம்பியை மோட்டாரின் உள்பள்ளமான காடிக்குள் இறக்க ஆகாத கை. கல்யாணமான புதிதில் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு அவன் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், "இங்க குடுங்க" என்று வாங்கினாள். அன்றையிலிருந்து எரிந்த மோட்டாரெல்லாம் பின்வாசல் வழியாக உள்ளே வரும். பழைய கம்பியைப் பிரித்து, சுற்று எண்ணி, புதுக் கம்பி சுற்றி, காடியில் இறக்கி, நூல் கட்டி, வார்னிஷ் விட்டு அவள் கொடுப்பாள். முன்வாசல் வழியாக ஜலீல் கொண்டுபோய் மாட்டுவான். 'பாய் கை பட்டா செத்த மோட்டாரும் எந்திரிக்கும்' என்று எஸ்டேட்காரர்கள் சொல்வதை ராத்திரிச் சோற்றில் அவளிடம் சொல்லிச் சிரிப்பான். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிக்கிறதை விட்டுவிட்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. செத்துப்போன மனுஷன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அவளுக்குக் கோபம் இருந்தது. அழுகையும் இருந்தது. இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம மிஷின் ஓடுச்சுன்னா?" என்று கேட்டாள்.

சாகுல் ஹமீது சிரித்தார். "ஓடுச்சுன்னா இங்கேயே கெடக்கட்டும். நான் ஏன் கேக்கப்போறேன்?"

"ஓடலைன்னா ஏத்திக்கிடுங்க. நானும் வந்திருதேன். பேச்சுக்குப் பேச்சு வேண்டாம்."

அவர் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கினார். அவர் தலை மறைந்ததும் பதுருன்னிசா, "மயில்சாமி, மோட்டாரப் பின்வாசப்படியில வச்சிட்டு அந்தப் பக்கம் போ" என்றாள். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போனான்.

சுலைகாதான் கேட்டாள். பதுருன்னிசா மோட்டாரை அடுப்படியில் சாக்கு விரித்துப் பிரித்து, கரி பிடித்த கம்பியைக் கத்தரித்து உருவ ஆரம்பித்ததும் அவளுக்குப் பகீரென்றது. "ஏ பதுரு, புத்தி பிசகிப்போச்சா? ஆம்பள சோலிய எடுத்து வச்சிக்கிட்டு..."

"இந்த வீட்டுல இது எப்பவும் பொம்பள சோலிதான்க்கா."

சுலைகாவுக்குப் புரிய வெகுநேரம் பிடித்தது. துணி பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து செப்புக் கம்பி உருளையும், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சுற்றுகிற கட்டையும், மசாலா டப்பாவிலிருந்து ஈயமும் நூலும் வெளியே வர வரத்தான் அவள் வாய் திறந்தது. "அப்ப இத்தன வருசமும் நீதானா?"

"நான்தான்."

"இத்தாவுல இதச் செய்யலாமா?"

"மறைவா இருக்கணும்னுதான் சட்டம். கையக் கட்டிக்கிட்டு இருக்கணும்னு இல்ல. வேணும்னா ஹஜ்ரத்துக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்க."

சுலைகா உண்மையிலேயே கேட்டனுப்பினாள். வீட்டுக்குள் இருந்து செய்கிற வேலைக்கு என்ன தடை என்று ஹஜ்ரத்திடமிருந்து பதில் வந்தது. அதற்கப்புறம் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள், கொஞ்ச நேரம் பெருமூச்சு விட்டாள், கடைசியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு மனுசருக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா லாரி பேசியிருப்பாரா?"

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சுலைகா. "ஆனா பாரு, நான் கேட்டும் ஒரு சேலை எடுத்துத் தராத மனுசரு. அவருக்கு நான் எதுக்குச் சொல்லணும்? இந்த உருளைய இப்பிடிப் பிடிச்சாப் போதுமா?"

கம்பி சுற்றி இறக்கியது பெரிய காரியம் இல்லை. வார்னிஷ் காய வைப்பதுதான் பிராணனை வாங்கியது. ஐப்பசிக் கொடைக்கானலில் துவைத்த துணியே வாரம் முழுக்க நொதநொதவென்று கிடக்கும். பதுருன்னிசா குமுட்டி அடுப்பில் கங்கு போட்டு, அதன்மேல் சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் மோட்டாரை வைத்துக் கம்பளி போர்த்தினாள். தலைக்குச் சாம்பிராணி காட்டுகிற கூடை. "புள்ளத்தாச்சிக்குக்கூட இவ்வளவு பண்டுவம் பாக்க மாட்டாக" என்று சுலைகா கேலி செய்துகொண்டே கங்கைக் கிளறினாள். சனிக்கிழமை சாயங்காலம் நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது வார்னிஷ் கல்லாக இறுகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டம் பட்டறை வாசல்வரை நெரிந்தது. லாரி வெள்ளனே வந்து நின்றுவிட்டது. சாகுல் ஹமீது சுமைக்காரர்களோடும் கயிற்றோடும் உள்ளே வந்தார். அவருக்கு முன்னாலேயே கவுஞ்சி கிராமத்திலிருந்து வந்த விவசாயி நல்லுசாமி இரும்புப் பட்டைகளைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கிற பம்பைத் தாங்கும் பட்டைகள். துளை போட வேண்டும். செடியில் கருகல் விழுந்துவிட்டது, இன்றைக்கு முடியாவிட்டால் வத்தலக்குண்டுக்குத்தான் இறங்க வேண்டும் என்று மயில்சாமியை அரித்துக்கொண்டிருந்தார்.

மயில்சாமி மோட்டாரை மாட்டி, பெல்ட்டை ஏற்றி, சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. திரைக்கு உள்ளே சுலைகா பதுருன்னிசாவின் கையைப் பிடித்து அமுக்கினாள். சாகுல் ஹமீது முகம் தொங்கிப்போயிற்று.

மயில்சாமி பட்டையை வைத்துத் துளை போடும் ஆணியை இறக்கினான். கிறீச்சென்று ஒரு சத்தம். புகை வந்தது. இரும்புச் சுருள் வரவில்லை. இன்னும் அழுத்தினான். ஆணி முனை சிவந்ததே தவிர இரும்பில் பொட்டு வைத்த அளவுக்குக்கூடப் பள்ளம் விழவில்லை.

சாகுல் ஹமீது கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். "ஏலே, இது பின்பக்கமால்ல சுத்துது. யாருலே சுத்துனது இத?" மயில்சாமி திரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். சாகுல் ஹமீது கதவுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "பதுரு, யாரையோ வச்சு நல்லா முயற்சி பண்ணிட்டம்மா. போதும். ஏலே, போல்ட்டக் கழட்டுங்க."

தப்பு எங்கே என்று பதுருன்னிசாவுக்கு உடனே தெரிந்தது. சுற்றுகிறவரைக்கும்தான் அவள் வேலை. வெளியே நீட்டின முனைகளை மிஷினில் மாட்டுவது எப்போதும் ஜலீல். எந்த முனை எதோடு என்று அவனுக்குத்தான் தெரியும். சொல்லிக் கொடுக்காமலே போய்விட்டான். கிளப்பி விடுகிற காயிலின் இரண்டு முனையையும் இடம் மாற்றினால் மோட்டார் நேராகச் சுற்றும். அவ்வளவுதான். அதைச் செய்ய முடியாமல் அவள் திரைக்கு உள்ளே நின்றாள்.

"மயில்சாமி, மூடியத் தெறந்து, கிளப்பற காயில் முனை ரெண்டையும் மாத்திப் போடு."

அவன் திறந்தான். "நாலும் ஒரே கறுப்பாக் கெடக்குக்கா. எது எதுன்னு தெரியல. தப்பா மாட்டி எரிஞ்சு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? என்னால ஆகாதுக்கா."

சுமைக்காரன் ஒருவன் மிஷினின் அடிப்போல்ட்டில் ஸ்பானரை மாட்டிவிட்டான். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் பதுருன்னிசாவின் பல்லில் கேட்டது. அதோடு அவளுக்குப் பொறுமை போயிற்று. இத்தனை வருஷம் பொறுத்ததும் சேர்த்துப் போயிற்று.

"போல்ட்டுல இருந்து கைய எடுக்கச் சொல்லுங்க மச்சான்" என்றாள். தணித்த குரல் இல்லை; சந்தை முழுக்கக் கேட்கிற குரல். "பட்டறையில இருக்கற ஆம்பளைக எல்லாரும் வெளிய எறங்குங்க."

சாகுல் ஹமீது திகைத்தார். "என்ன பேசுற நீ? இத்தாவுல பட்டறைக்கு வரப்போறியா?"

"நான் என் வீட்டுக்குள்ளதான் இருக்கேன். ஒரே கூரை, ஒரே செவுரு. அன்னிய ஆம்பள கண்ணுல படக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் போகச் சொல்லுதேன். பலகையப் போடு மயில்சாமி. போட்டுட்டு நீயும் எறங்கு."

"என்னையுமா சொல்லுத?" என்றார் சாகுல் ஹமீது.

"மார்க்கத்துல கொழுந்தன் மச்சானுக்கு மட்டும் விலக்கு இருக்கா? இருந்தாச் சொல்லுங்க."

சட்டம் அவர் போட்டது. அதைக் கேட்ட சனமும் வாசலில் நின்றது. திரைக்குள்ளிருந்து சுலைகா, "வெரசா எறங்குங்க. புள்ள எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றாள். அதுதான் அவரை நகர்த்தியது. சுமைக்காரர்கள் இறங்கினார்கள், நல்லுசாமி பட்டைகளை மட்டும் விட்டுவிட்டு இறங்கினார், கடைசியில் சாகுல் ஹமீதும் தூறலில் போய் நின்றார். மயில்சாமி கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் தள்ளி அடைத்தான்.

பதுருன்னிசா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். பட்டறை இருட்டிக் கிடந்தது. சுலைகா பல்பைப் போட்டாள். பட்டறை மூடிக் கிடக்கும் நாட்களில் பதுருன்னிசா கூட்டித் துடைக்க வந்திருக்கிறாள். இந்த மிஷினை ஓட்டுவதற்காக அதன் முன்னால் நின்றது அன்றைக்குத்தான். தனக்கு மகராக வந்த சாமான். அதன் கழுத்தில் கை வைத்ததும் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா மனுசா" என்று அழுதாள். அழுதுகொண்டே மெயினை இறக்கினாள்; பல்பும் அணைந்தது.

நாலு முனையும் கறுப்புத்தான். ஆனால் அவை எந்தக் காடியிலிருந்து கிளம்புகின்றன என்று அவள் விரல்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க அந்த மோட்டாரை மடியில் வைத்திருந்தவள் அவள். விரலை உள்ளே விட்டுத் தடவிக் கிளப்புகிற காயிலின் இரண்டு முனைகளையும் பிடித்தாள். கழற்றி, இடம் மாற்றி, திருகி, மூடியைப் போட்டாள். வெளியே யாரோ இருமினார்கள். "அல்லாவே" என்றாள் சுலைகா. பதுருன்னிசா மெயினை ஏற்றிச் சுவிட்சைத் தட்டினாள்.

மோட்டார் கிளம்பியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவள் பார்க்கவில்லை. இரும்பு சொல்லட்டும் என்று புது ஆணி மாட்டி, நல்லுசாமியின் பட்டையை வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிடியை இழுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உடம்பையே சாய்த்தாள். முனை இரும்பைக் கடித்தது. சுருள் சுருளாக இரும்புச் சீவல் ஏறி வந்து அவள் வெள்ளைச் சேலைமேல் விழுந்தது. சுலைகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள்.

முதல் பட்டை முடிந்ததும் பதுருன்னிசா அதைப் பலகை இடுக்கு வழியாக வெளியே தள்ளினாள். நல்லுசாமி எடுத்துச் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார், மரையாணியை விட்டுப் பார்த்தார். "சுத்தமா இருக்கு பாயம்மா" என்றார். "மிச்சத்தையும் போட்டுருங்க. கவுஞ்சி பஸ்ஸப் பிடிக்கணும்."

சனம் மொத்தமும் சாகுல் ஹமீதைப் பார்த்தது. அவர் தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆள்தான், ஆனால் வெறுங்கையோடு ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "என் தம்பி கைவேலையப்பா இது. சாகறதுக்கு முந்திப் பொண்டாட்டிக்குக் கத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான் பாத்தீகளா. அவன் பேரச் சொல்லிக்கிட்டு ஓடட்டும்."

பலரும் தலையை ஆட்டினார்கள். மயில்சாமி ஆட்டவில்லை. உள்ளே மோட்டார் நின்றது. அவர்களுக்குப் பலகைதான் தெரிந்தது; அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மச்சான், பழனியில ஒங்க பட்டறை சாணை மிஷின் மோட்டார் போன வருசம் எரிஞ்சுதே, யாருகிட்டக் குடுத்துவிட்டீங்க?"

"ஜலீல்கிட்டதான்" என்றார் சாகுல் ஹமீது. சொல்லும்போதே அவருக்குச் சுருக்கென்றது.

"அது எங்க அடுப்படியிலதான் கெடந்துச்சு. நான் சுத்துனது. அதுக்கு முந்தி இந்த மலையில ஜலீல் பாய் சுத்துனதா யாராரு கொண்டு போனீகளோ, அம்புட்டும் நான் சுத்துனது. ஒங்க தம்பி எனக்குக் கத்துக் குடுக்கல. கத்துக் குடுத்திருந்தா மொத தடவையே நேரா ஓடியிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒங்க சாணை மிஷின் இப்ப ஓடுதா மச்சான்?"

பஜார் காத்திருந்தது. லாரி டிரைவர்கூடக் கீழே இறங்கி வந்து நின்றான். ஒரு பொய் சொல்லிவிடலாம்; பழனி தூரம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். சாகுல் ஹமீது தலையில் தூறலைத் துடைத்தார். தம்பி கை, தம்பி கை என்று அந்த மோட்டாரைக் காட்டி அவர் பெருமை பேசாத ஆள் பழனியில் பாக்கி இல்லை.

"ஓடுதும்மா" என்றார்.

"அப்ப லாரிய அனுப்பிருங்க" என்றாள் பதுருன்னிசா. "மயில்சாமி, நல்லுசாமி அண்ணனுக்கு டீ வாங்கிக் குடு. இன்னும் அஞ்சாறு பட்டை கெடக்கு."

மோட்டார் மறுபடி கிளம்பியது.